கடலோர மணலில் செப்டிக் டேங்க்: ஆழமாகத் தோண்டாதீர்கள், உயர்த்திக் கட்டுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தரங்கம்பாடி தொடங்கிக் கோடியக்கரை வரை உள்ள மணல்பாங்கான ஊர்களில் ஒவ்வொரு கார்த்திகையிலும் ஒரே புகார்தான்: கழிப்பறையில் தண்ணீர் இறங்கவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டால் குழியில் இன்னும் நாலு சிமெண்ட் உறை இறக்கச் சொல்வார். தை பிறந்து தண்ணீர் வடிந்ததும் இறக்குவார்கள். கோடை முழுக்கத் தடையில்லாமல் போகும். அடுத்த கார்த்திகையில் மறுபடியும் அடைக்கும். இப்போது கடலோரம் எங்கும் வீடு கட்டும் வேலை நடக்கிறது. கடைக்கால் போடும் முன்பே முடிவு செய்ய வேண்டிய சில விஷயங்களை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இந்தக் கடிதம்.

கழிப்பறை அடைப்பதற்குக் காரணம் எளியது. இந்தப் பகுதியில் பெரும்பாலான வீடுகளில் செப்டிக் டேங்க் என்று சொல்லப்படுவது அடி இல்லாத சிமெண்ட் உறைகளின் அடுக்குதான். 3 அடி விட்டமும் 1 அடி உயரமும் உள்ள உறைகள் ஆறோ எட்டோ ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கப்பட்டிருக்கும். கிணறு வெட்டுவதும் இதே முறையில்தான். ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் தரைக்கு 2 அடி கீழே வரை ஏறி வந்தால் உறைக்குள்ளும் அதே மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கும். மலம் போக இடமில்லை, எதிர்த்துக்கொண்டு வருகிறது. இன்னும் நாலு உறை இறக்கினால் கழிவு நிலத்தடி நீருக்குள் இன்னும் 4 அடி ஆழத்தில் சேரும், அவ்வளவுதான். கழிப்பறை அடைத்துக்கொள்ளும் மாதங்களைவிட நன்றாக இறங்கும் மாதங்களைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். இறங்கிய கழிவு வேறெங்கே போயிருக்கும்? பக்கத்துக் கொல்லையின் அடிபம்பு அதே மணலில்தான் நிற்கிறது.

கடலோர மணலில் நல்ல தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். மழை நீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய ஆடை போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். ஆழமாகப் போர் போட்டால் உப்பு, மேலாகப் போட்டால் இனிப்பு. அதனால் எல்லாரும் 15, 20 அடியிலேயே தண்ணீர் எடுக்கிறோம். அதே மணலில் 10, 12 அடியில் மலக்குழியும் இருக்கிறது. உள்நாட்டில் களிமண் பூமியில் ஒருவர் செய்யும் தவறு அவர் வீட்டோடு நின்றுவிடலாம். மணல் பூமியில் அது தெரு முழுக்கப் போகும்.

“மணல்தானே, நன்றாக வடிகட்டிவிடும்” என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். காற்றோட்டம் உள்ள உலர்ந்த மணல் வடிகட்டும். தண்ணீரில் ஊறிய மணல் வடிகட்டாது. உலர்ந்த மணலில் கழிவுநீர் ஒவ்வொரு மணல் துகளின் மேலும் மெல்லிய படலமாக ஊர்ந்து இறங்குகிறது. அங்குள்ள காற்றில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்கின்றன, நோய்க்கிருமிகள் மணலில் ஒட்டிச் சாகின்றன. மணலின் இடுக்குகள் தண்ணீரால் நிறைந்துவிட்டால் காற்றும் இல்லை, படலமும் இல்லை. கிருமிகள் தண்ணீரோடு சேர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே கழிவுநீர் வெளியேறும் இடத்துக்கும் மழைக்கால உச்ச நீர்மட்டத்துக்கும் நடுவில் எத்தனை அடி உலர்ந்த மணல் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. குறைந்தது 2 அடி வேண்டும், 3 அடி இருந்தால் நிம்மதி.

இது எங்கள் சொந்தக் கருத்து அல்ல. செப்டிக் டேங்கிலிருந்து வெளிவரும் நீரை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் இந்தியத் தர நெறிமுறை ஐஎஸ் 2470, இரண்டாம் பகுதி, 1985ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நிலத்தடி நீர் தரையிலிருந்து 1.8 மீட்டருக்குள், அதாவது 6 அடிக்குள் இருக்கும் இடத்தில் உறிஞ்சுகுழியை அது பரிந்துரைக்கவில்லை. நீர் உறிஞ்சும் மண்ணாக இருந்தால் தரைக்கு மேலே, பாதியாகவோ முழுதாகவோ மேடு எழுப்பி, அதற்குள் கழிவுநீரைப் பரவ விடும் வாய்க்காலைத்தான் சொல்கிறது. குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் இன்றைக்கும் வரைபடத்தின் ஒரு மூலையில் ‘செ.டே.’, ‘உ.கு.’ என்று ஒரு கட்டமும் ஒரு வட்டமும் போட்டால் அனுமதி கிடைத்துவிடுகிறது. அந்த இடத்தின் நீர்மட்டம் என்ன என்று யாரும் கேட்பதில்லை.

எனவே முதலில் நீர்மட்டத்தை அளக்க வேண்டும். 4 அங்குல பிவிசி பைப் 10 அடி வாங்கி, அடியில் 5 அடிக்கு ரம்பத்தால் கீறல்கள் போட்டு, நைலான் வலை சுற்றி, மனையில் கைபோர் போட்டு இறக்குங்கள். மேல் வாயை மூடி வையுங்கள். ஐப்பசி முதல் தை வரை வாரம் ஒருமுறை கயிற்றில் எடை கட்டி இறக்கி அளந்து எழுதினால் உங்கள் மனையின் உச்ச நீர்மட்டம் தெரிந்துவிடும். ஒரு மழைக்காலம் காத்திருக்க முடியாதவர்கள் பக்கத்துக் கிணற்று உறையில் படிந்த கறையைப் பார்க்கலாம். புதிதாகத் தோண்டிய குழியின் சுவரில் மணல் எந்த மட்டத்திலிருந்து துருப்பிடித்தது போல் செம்புள்ளிகளாகவும் சாம்பல் நிறமாகவும் மாறுகிறதோ, ஆண்டுதோறும் தண்ணீர் அதுவரை வருகிறது என்று பொருள். சித்திரையில் தோண்டிப் பார்த்து “6 அடிவரை ஈரமே இல்லை” என்று சொல்பவரின் பேச்சை நம்பிக் கட்டாதீர்கள்.

நீர் உறிஞ்சும் சோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. குழியில் தண்ணீர் ஊற்றி 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பார்கள். களிமண்ணில் ஒரு மணி நேரம் ஆகலாம். கடல் மணலில் ஒரு நிமிடத்துக்குள் இறங்கிவிடும். “அருமையான பூமி” என்பார்கள். அவ்வளவு வேகமாக இறங்கும் மணலில் கழிவுநீர் சுத்தமாக நேரமே இல்லை. இங்கே வேகத்தைத் தேடக்கூடாது, வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும்.

இப்போது தொட்டிக்கு வருவோம். 5 பேர் குடும்பத்துக்கு நெறிமுறை சொல்வது சிறிய தொட்டிதான். குறைந்தபட்ச அகலம் 75 சென்டிமீட்டர், நீர் ஆழம் 1 மீட்டர். மணல் பூமியில் அதைவிடப் பெரிதாகக் கட்டுவதே நல்லது. தொட்டியில் எவ்வளவு அதிகமாகக் கசடு தங்குகிறதோ அவ்வளவு காலம், கழிவுநீர் அடுத்துப் போய் இறங்கும் மணற்படுகை அடைபடாமல் இருக்கும். நீளம் 10 அடி, அகலம் 3¼ அடி, நீர் ஆழம் 3¼ அடி, அதற்கு மேல் காலியிடம் 1 அடி. இது ஏறக்குறைய 3,000 லிட்டர் பிடிக்கும். ஆழத்தைக் கூட்டாமல் நீளத்தைக் கூட்டியிருக்கிறோம் என்பதைக் கவனியுங்கள். ஆழம் கூடினால் நிலத்தடி நீருக்குள் இறங்க வேண்டியிருக்கும். உள்ளே நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி ஒரு தடுப்புச் சுவர் வைத்து, தொட்டியின் தளத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் 6 அங்குலத் திறப்பு விடுங்கள். மிதக்கும் கசடும் அடியில் படியும் சேறும் முதல் அறையிலேயே நின்று, நடுவில் உள்ள தெளிந்த நீர் மட்டும் அடுத்த அறைக்குப் போகும்.

செங்கல்லில் கட்டிப் பூசிய தொட்டி இந்த மண்ணில் தாக்குப்பிடிப்பதில்லை. வெளியே தண்ணீர் நிற்கும்போது அழுத்தம் வெளியிலிருந்து உள்ளே வருகிறது. உள்பக்கப் பூச்சு சுவரிலிருந்து பெயர்ந்து தள்ளப்படும். கான்கிரீட்டே போடுங்கள். 4 அங்குல பிசிசி (கம்பியில்லாத கான்கிரீட்) மேல் 6 அங்குலத் தளம், 5 அங்குலச் சுவர், 4 அங்குல மூடி. தளமும் சுவரும் எம்20 கலவை, 10 மில்லிமீட்டர் கம்பி 6 அங்குல இடைவெளியில் இரு திசையிலும். தளத்துக் கம்பியை வளைத்துச் சுவருக்குள் ஏற்றுங்கள். தளத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இணைப்பில்தான் எப்போதும் கசியும். அங்கே சுவரின் முதல் அரை அடியைத் தளத்தோடு சேர்த்து ஒரே நாளில் வார்த்தால் கசிவு பெரிதும் குறையும். கம்பிக்கு வெளியே கான்கிரீட் மறைப்பு 2 அங்குலம் இருக்க வேண்டும். உப்புக்காற்று வீசும் இடத்தில் ஒரு அங்குல மறைப்பு போதாது. சில ஆண்டுகளில் கம்பி துருப்பிடித்து ஊதி கான்கிரீட்டைப் பிளக்கும். கடல்மணலைக் கலவையில் சேர்க்கவே கூடாது. கலவைக்கும் நீராற்றவும் உப்பில்லாத தண்ணீர் வேண்டும். சிமெண்டில் பிபிசி (சாம்பல் கலந்த சிமெண்ட்) அல்லது இரும்பாலைக் கசடு கலந்த வகை உப்பைத் தாங்கும். மேற்சொன்ன அளவுக்கு ஏறக்குறைய 28 மூட்டை சிமெண்ட், 20 மில்லிமீட்டர் ஜல்லி 80 கன அடி, மணல் பூச்சுக்கும் சேர்த்து 60 கன அடி, கம்பி 200 கிலோ பக்கம் ஆகும். பிசிசிக்கு 40 மில்லிமீட்டர் ஜல்லி தனி.

தொட்டி மிதக்குமா என்று பலரும் நம்பாமல் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுவரும் சேர்ந்து வெளி அளவு 3.25 மீட்டருக்கு 1.25 மீட்டர். தளத்தைச் சுற்றிலும் அரை அடி வெளியே நீட்டியிருப்பதாகக் கொள்வோம். அடியிலிருந்து மூடி வரை உயரம் 1.55 மீட்டர். முழுவதும் புதைத்து, தண்ணீர் மூடிவரை ஏறினால், தண்ணீர் தூக்கும் விசை 6½ டன். காலித் தொட்டியின் எடையும் அதே 6½ டன்தான். இரண்டும் சமமாக இருந்தால் தாங்குவது தளத்து விளிம்பின் மேல் நிற்கும் மணல் மட்டுமே. அதே தொட்டியைத் தரைக்குக் கீழே 3 அடி 1 அங்குலம் மட்டும் இறக்கி மீதியை மேலே நிறுத்தினால், தண்ணீர் தரைமட்டம் வரை வந்தாலும் தூக்கும் விசை 4 டன்தான். எடை 6½ டன், ஒன்றரை மடங்குக்கும் மேல். தொட்டியை உயர்த்தச் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம்.

ரெடிமேட் பிளாஸ்டிக் தொட்டி, ஃபைபர் தொட்டி வாங்குபவர்கள் இதை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும். 3,000 லிட்டர் தொட்டி காலியாக இருக்கும்போது அதைத் தண்ணீர் 3 டன் விசையோடு தூக்கும். தொட்டியின் சொந்த எடை அதற்குப் பக்கத்தில்கூட வராது. அடியில் கான்கிரீட் போட்டுப் பட்டையால் கட்டுவார்கள். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை 2.4 டன், ஆனால் தண்ணீருக்குள் அது 1.4 டன் பாரமே கொடுக்கும். ஆக 3 டன்னைப் பாதுகாப்பாகப் பிடித்து வைக்க இரண்டரை கன மீட்டர் கான்கிரீட் தேவை. விற்பவர்கள் காட்டும் 4 அங்குலப் பலகை போதவே போதாது. இரும்புப் பட்டை உப்பில் அரித்துப்போகும், நைலான் பட்டையே நிற்கும்.

தொட்டியை உயர்த்தினால் வீட்டையும் உயர்த்தியாக வேண்டும். இதைத்தான் எல்லாரும் தாமதமாகக் கண்டுபிடிக்கிறார்கள். மேற்சொன்னபடி கட்டினால் தொட்டிக்குள் நீர் தரைக்கு மேல் 8 அங்குலத்தில் நிற்கும். உள்ளே வரும் குழாய் அதைவிட 2 அங்குலம் மேலே, அதாவது 10 அங்குலத்தில் நுழைய வேண்டும். வீட்டிலிருந்து தொட்டி 20 அடி என்றால் 50 அடிக்கு 1 அடி வாட்டம் கொடுக்க 5 அங்குலம் போகும். வீட்டுச் சுவரில் குழாய் 15 அங்குலத்தில் வெளியே வரும். இந்தியன் பீங்கானுக்கும் அதன் அடியிலுள்ள வளைவுக்குழாயான டிராப்புக்கும் 20 அங்குலம். கூட்டினால் கழிப்பறைத் தரை 35 அங்குலம் உயரம் வேண்டும், ஆக பேஸ்மெண்ட் 3 அடி. ஒன்றரை அடி பேஸ்மெண்ட் போட்டு முடித்துவிட்டுச் செப்டிக் டேங்க் பற்றி யோசிப்பவருக்கு ஆழத் தோண்டுவதைத் தவிர வழி இருக்காது. புயல் வெள்ளத்துக்கும் அந்த 3 அடி உதவும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்படிக் கட்டுவதில் இன்னொரு லாபம் உண்டு. பிசிசியோடு சேர்த்து மூன்றரை அடிதான் தோண்டுகிறோம். ஆடி, ஆவணியில் தண்ணீர் 5, 6 அடிக்குக் கீழே இருக்கும்போது வேலையை வைத்துக்கொண்டால் உலர்ந்த குழியிலேயே கான்கிரீட் போடலாம். மாறாக, ஈர மணலில் 8 அடி தோண்டுவது ஆபத்தான வேலை. குழிக்குள்ளேயே பம்ப் வைத்து இறைத்தால் தண்ணீரோடு மணலும் ஊற்றெடுத்துக் கிளம்பும். குழிச் சுவர் சரியும், பக்கத்து வீட்டுக் கடைக்காலுக்கு அடியிலிருந்த மணலும் நகரும். இறைத்தே தீர வேண்டிய நிலை வந்தால் குழிக்கு வெளியே இரண்டு மூலைகளில், குழியின் அடியைவிட 3 அடி ஆழமாக, வலை சுற்றிய கீறல் குழாய்களை இறக்கி அவற்றிலிருந்து இறையுங்கள். நீர்மட்டமே கீழே போகும், மணல் அசையாது. சுவரும் மூடியும் வைத்து எடை வரும்வரை பம்பை நிறுத்தக்கூடாது. நிறுத்த நேர்ந்தால் அந்த நிமிடமே தொட்டிக்குள் தண்ணீரை நிரப்புங்கள்.

மூடியை அதே இடத்தில் பலகை அடித்து வார்க்காதீர்கள். புதுத் தொட்டிதானே, மலம் இல்லையே என்று நினைத்து, மூடிய தொட்டிக்குள் சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கிய தொழிலாளர்கள் மூச்சுத் திணறி இறந்திருக்கிறார்கள். தேங்கிய தண்ணீரும் மரப்பலகையும் அழுகி உள்ளே இருந்த காற்றில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. இறங்கியவர் கத்துவதற்குள் விழுந்துவிடுவார், தூக்கப் போனவரும் விழுவார். தரையிலேயே ஆறு கான்கிரீட் பலகைகள் வார்த்து, கொக்கி வைத்து, தூக்கி அடுக்கினால் தொட்டிக்குள் யாரும் இறங்க வேண்டியதே இல்லை. ஒவ்வொன்றும் 160 கிலோ வரும், ஆறு பேர் இருந்தால் தூக்கி வைத்துவிடலாம்.

உள்ளே வரும் குழாயிலும் வெளியே போகும் குழாயிலும் 110 மில்லிமீட்டர் டீ (T வடிவ இணைப்பு) பொருத்துங்கள். வருவது நீர்மட்டத்துக்குக் கீழே 1 அடி, போவது 16 அங்குலம் மூழ்கியிருக்க வேண்டும். வெளியேறும் டீயை வைக்காமல் விட்டால் மிதக்கும் கசடு நேரே மணலுக்குப் போகும். படுகை ஒரே ஆண்டில் அடைபடும். காற்றுக்குழாய் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் கூரைக்கு மேல் 2 மீட்டர் உயர வேண்டும். அதன் வாயில் நைலான் வலை கட்டுங்கள். இரும்பு வலை துருப்பிடித்து ஓட்டையானதும் கொசு தொட்டிக்குள் முட்டையிடத் தொடங்கும்.

கசிவுச் சோதனை செய்யாமல் தொட்டியைச் சுற்றி மணல் போடக்கூடாது. வெளியேறும் குழாய் மட்டம் வரை தண்ணீர் நிரப்பி ஒரு நாள் ஊறவிட்டு, மறுபடி நிரப்பிக் குறி வைத்து அடுத்த நாள் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தால் கசிகிறது. இதற்குச் செலவு இல்லை. ஆனாலும் பத்தில் ஒரு வீட்டில்கூட இதைச் செய்வதைப் பார்ப்பது அரிது.

தொட்டியிலிருந்து வெளிவருவது சுத்தமான நீர் அல்ல. தொட்டி கசடைப் பிரிக்கிறது, அவ்வளவுதான். கிருமிகள் பெரும்பாலும் அப்படியே வெளியேறுகின்றன. அவற்றைக் கொல்வது அடுத்து வரும் மணற்படுகை. அதனால் தொட்டிக்குச் செலவழித்துவிட்டுப் படுகையை விட்டுவிடுவது பாதி வேலைகூட இல்லை.

படுகையின் அளவைத் தீர்மானிக்கும்முன் குளியல், துணி துவைக்கும் நீரையும் சமையலறை நீரையும் கழிப்பறை நீரிலிருந்து பிரியுங்கள். அவற்றை எண்ணெய் பிடிக்கும் சிறு தொட்டி வழியாக வாழைப் பாத்திக்கு மேலாகவே விடலாம். கழிப்பறை நீர் மட்டும் என்றால் ஆளுக்கு 40 லிட்டர், 5 பேருக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர். மணற்படுகையில் சதுர அடிக்கு நாளொன்றுக்கு 3 லிட்டருக்கு மேல் விடாதீர்கள். 20 அடிக்கு 4 அடி படுகை, 80 சதுர அடி, போதும். எல்லா நீரையும் தொட்டிக்கே விட்டால் 200 சதுர அடிக்கு மேல் தேவைப்படும்.

புல்லைச் செதுக்கி, தரையைக் கொத்திவிட்டு, மேலே மண்ணும் தூசியும் இல்லாத நடுத்தர மணலைப் போடுங்கள். எம் சாண்ட் போட்டால் கழுவிப் போட வேண்டும், இல்லாவிட்டால் அதன் மாவு அடைத்துக்கொள்ளும். உச்ச நீர்மட்டம் தரைக்கு 1 அடி கீழே என்றால், 2 அடி மணல் போட்டால் ஜல்லிக்கு அடியில் மொத்தம் 3 அடி உலர்மணல் கிடைக்கும். அதன்மேல் 20 முதல் 40 மில்லிமீட்டர் வரை கழுவிய ஜல்லி 10 அங்குலம், அதாவது 67 கன அடி. ஜல்லிக்குள் துளையிட்ட குழாய். ஜல்லியின் மேல், நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, 1 அடி மண் மூடி, புல் நட்டுவிடுங்கள். முருங்கை, வேம்பு, தென்னை பக்கத்தில் வேண்டாம், வேர் குழாய்க்குள் புகுந்துவிடும். மேட்டின் சரிவுக்கு இடமில்லாத மனையில் சுற்றிலும் ஹாலோ பிளாக் சுவர் எழுப்பி உள்பக்கம் பூசிப் பெட்டி போலச் செய்யலாம், அடியை மட்டும் திறந்து விடவேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, அனுபவமுள்ளவர்களும் தவறவிடுவது. 4 அங்குலத் துளைக் குழாயில் கழிவுநீர் சொட்டுச் சொட்டாக வந்தால் மணலில் அது முதல் மூன்று அடியிலேயே இறங்கிவிடும். 80 சதுர அடி படுகையில் 10 சதுர அடிதான் வேலை செய்யும், அங்கே மணல் எப்போதும் ஊறியே கிடக்கும். ஆகவே நீரை மொத்தமாகத் தேக்கி, நாளைக்கு நான்கு முறை, 50 லிட்டர் வீதம் தள்ள வேண்டும். தொட்டிக்கு அடுத்து 500 லிட்டர் சம்ப், அரை குதிரைத்திறன் கழிவுநீர் பம்ப், மிதவை சுவிட்ச், படுகையில் 1¼ அங்குலக் குழாயில் 3 அடிக்கு ஒன்றாக 6 மில்லிமீட்டர் துளைகள். மின்சாரம் போனால் ஒரு நாள் நீரைத் தாங்கும் இடம் சம்பில் இருக்க வேண்டும். மழைக்கால நீர்மட்டமே 3 அடிக்குக் கீழே நிற்கும் மேட்டு மனையில், படுகையைத் தரைமட்டத்தில் வைத்து பம்ப் இல்லாமலும் செய்யலாம். அப்போது ஒரு பகிர்வுப் பெட்டி வைத்து மூன்று குட்டைக் கிளைகளாகப் பிரித்து, மூன்று வாய்களையும் டியூப் லெவல் பிடித்து ஒரே மட்டத்தில் வையுங்கள்.

மணற்படுகை நைட்ரேட்டை நீக்காது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறுநீரிலுள்ள அமோனியா உலர்மணலில் நைட்ரேட்டாக மாறித் தண்ணீரோடு போய்விடும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது ஐஎஸ் 10500 வரம்பு. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு அது உயிருக்கே ஆபத்து. வீடுகள் நெருக்கமான தெருவில் எல்லாரும் சரியாகவே கட்டினாலும் நைட்ரேட் சேரும். 3 சென்ட் மனையில் கிணற்றுக்கும் படுகைக்கும் நடுவில் 18 மீட்டர் எங்கே கிடைக்கும்? அப்படிப்பட்ட தெருக்களில் குடிக்கவும் சமைக்கவும் குழாய்க் குடிநீர்தான், அடிபம்பு துவைக்கவும் கழுவவும் மட்டும். பத்துப் பன்னிரண்டு வீடுகள் சேர்ந்து ஒரே மேட்டுப் படுகையைத் தெருக்கோடியில், நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் அமைப்பது ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று வைப்பதைவிட நல்லது. தண்ணீர் தரையிலேயே நிற்கும் தாழ்வான இடத்தில் இதுவும் நடக்காது. அங்கே மலத்தையும் சிறுநீரையும் பிரித்து உலர்த்தும் எக்கோசான் கழிப்பறைதான் பொருந்தும். திருச்சி மாவட்டம் முசிறியில் அவற்றைப் போய்ப் பார்க்கலாம்.

அரசு கட்டிக் கொடுக்கும் இரட்டைக்குழிக் கழிப்பறை உள்நாட்டுக்கு நல்ல திட்டம். அதற்கான ஐஎஸ் 12314 நெறிமுறையே, குழியின் அடிக்கும் உச்ச நீர்மட்டத்துக்கும் இடையே 2 மீட்டர் இருந்தால்தான் கிணறு பக்கத்தில் இருக்கலாம் என்கிறது. பருமணலாக இருந்தால் குழியின் அடியை அடைத்து, சுற்றிலும் அரை மீட்டர் நுண்மணல் உறை போடச் சொல்கிறது. கடலோரப் பயனாளிகளுக்குக் கொடுக்கும் மதிப்பீட்டில் அந்த நுண்மணலுக்கும் அடித்தளத்துக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

கட்டியவர்கள் தொட்டியை 2, 3 ஆண்டுக்கு ஒருமுறை, பங்குனிக்கும் ஆடிக்கும் நடுவில் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் காலி செய்தால் தொட்டி எழும்பக்கூடும், குழாய் முறியக்கூடும். எடுத்ததும் தண்ணீர் நிரப்பிவிடுங்கள். ஆள் இறங்கக்கூடாது, பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் இறக்குவது கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உரிமம் பெற்ற லாரிக்கு 14420 என்ற எண்ணில் அழைக்கலாம்.

மாவட்ட நிர்வாகத்திடமும் உள்ளாட்சிகளிடமும் நாங்கள் கேட்பது மூன்று. கடலோர மணல் ஊர்களில் வீட்டு வரைபடத்துக்கு அனுமதி தரும்போது கார்த்திகை மாத நீர்மட்டத்தையும் பேஸ்மெண்ட் உயரத்தையும் எழுதச் சொல்லுங்கள். அரசு வீட்டுத் திட்டங்களில் கடலோரத்துக்கென்று உயர்த்திய தொட்டி, மேட்டுப் படுகை ஆகியவற்றோடு தனி மாதிரி வரைபடமும் தனி மதிப்பீடும் கொடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் வழியாக இந்த ஊர்களின் அடிபம்புகளை மார்கழியில் ஒருமுறையும் வைகாசியில் ஒருமுறையும் மலக்கிருமியான ஈ-கோலைக்கும் நைட்ரேட்டுக்கும் சோதித்து, முடிவைப் பம்பின் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
கடலோரக் கட்டடப் பணியில் உள்ள பொறியாளர்களும் கொத்தனார்களும்,
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.